சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு!

1995-ம் ஆண்டு. புனேவை ஒட்டிய பிம்ப்ரியில், டாடாவின் டெல்கோ வளாகத்திலிருந்து இந்தியாவில் அசெம்பிள் செய்யப்பட்ட முதல் மெர்சிடிஸ் பென்ஸ் கார் வெளியே வந்தது. கம்பெனிக்குள் அந்த மாடலின் பெயர் டபிள்யூ124. பெட்ரோலில் இ220, டீசலில் இ250டி. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் மாருதி 800-ம் மட்டுமே பார்த்துப் பழகிய நம் சாலைகளில் அது வந்து நின்றால் சுற்றிக் கூட்டம் கூடும். மில் முதலாளிகள், டாக்டர்கள், சினிமாக்காரர்கள் என்று யாரோ ஒரு சிலர் வீட்டு போர்டிகோவில் மட்டுமே அன்று அதைப் பார்க்க முடிந்தது.

இன்று அந்தக் கார்களுக்கு 30 வயது. முதல் உரிமையாளர் விற்று, அடுத்தவர் விற்று, மூன்றாவது நான்காவது கைக்கு வந்திருக்கின்றன. புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கும் காசுக்குள் ஒரு பழைய பென்ஸ் கிடைத்துவிடும். வாங்கிய சில மாதங்களில் போர்டிகோ தரையில் கருப்பாக வட்டம் விழ ஆரம்பிக்கும். சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறும். ஏ.சி போட்டால் ஆர்.பி.எம் முள் தள்ளாடும். “ஒரு டியூனிங் பண்ணி, லீக்கையும் அடைச்சுடலாம் சார்” என்பார்கள் ஒர்க்‌ஷாப்பில். பில் கட்டி வீட்டுக்கு வந்த பத்தாவது நாள், அதே இடத்தில் அதே வட்டம்.

‘யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்’ என்று சொல்லி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இப்படித்தான் நல்ல வண்டிகள் பல சென்னை புதுப்பேட்டையில் பாகம் பாகமாகப் பிரிந்து போயின. இது அநியாயம். பெரும்பாலான வண்டிகளில் காசைக் கரைப்பது உதிரிபாகங்களின் விலை அல்ல, குத்துமதிப்பாக வேலை பார்ப்பதுதான். ஆயில் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமலே ஒவ்வொரு சீலாக மாற்றிக்கொண்டே போவதால் வரும் செலவு அது.

1984-ன் கடைசியில் ஜெர்மனியில் அறிமுகமான இந்த மாடல் உலகம் முழுக்க 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. வடிவமைப்புப் பிரிவின் தலைவர் புரூனோ சாக்கோ. முன்கண்ணாடி முழுவதையும் துடைக்க ஒரே ஒரு வைப்பர்தான். அது சுற்றும்போதே மேல் மூலைகளை நோக்கி நீண்டு, பிறகு சுருங்கும். பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து இணைப்புத் தண்டுகள் தாங்கும் சஸ்பென்ஷன். காற்றை எளிதாகக் கிழித்துப் போகும் உடல்வாகு. பொறியாளர்கள் கணக்குப் பார்க்காமல் செலவழித்துச் செய்த கார் என்று அந்தத் தலைமுறை பென்ஸைப் பற்றி இன்றும் சொல்வார்கள்.

ஒழுங்காகப் பராமரித்தால் இந்தக் கம்பெனியின் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு கிரீஸ் நாட்டு டாக்ஸி டிரைவர் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ் சாட்சி. டபிள்யூ124-க்கு இரண்டு தலைமுறை முந்தைய, 1976-ம் ஆண்டின் 240டி காரை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார் அவர். 2004-ல் அந்தக் காரை மெர்சிடிஸ் மியூசியமே வாங்கி வைத்துக்கொண்டது. ஒரே எஞ்சினில் ஓடிய தூரம் அல்ல அது. மாற்று எஞ்சின்கள் வைத்திருந்து, ஒன்று ரிப்பேர் வேலைக்குப் போகும்போது இன்னொன்றை மாட்டி ஓட்டினார். கெட்டுப்போகும் வரை காத்திருக்காமல் வேலை பார்த்தவர் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

ரப்பருக்கு வயதாகிறது

எஞ்சினின் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் 30 வருடம் பெரிய விஷயமில்லை. இடையில் இருக்கும் ரப்பருக்குத்தான் தாங்காது. டேப்பட் கவர் பேக்கிங், கிராங்க் சீல், ஓ-ரிங் எல்லாமே செயற்கை ரப்பர். வண்டி ஓடும்போதெல்லாம் 100 டிகிரியை ஒட்டிய சூடு, நிறுத்தினால் குளிர்ச்சி என்று மாறி மாறிப் பட்டு, அந்த ரப்பர் தன் நெகிழ்வை இழந்துவிடுகிறது. கழற்றிய பழைய பேக்கிங்கை வளைத்துப் பாருங்கள்; பிளாஸ்டிக் குச்சி போல ‘டப்’ என்று ஒடியும். புதியது விரலில் சுற்றிக்கொள்ளும். ஓட்டாமல் ஷெட்டிலேயே நிறுத்திவைத்தால் இன்னும் மோசம். ஆயில் படாத சீலின் உதடு காய்ந்து, ஆறு மாதம் கழித்து ஸ்டார்ட் செய்யும் அன்றே ஒழுக ஆரம்பிக்கும்.

சீல் நன்றாக இருந்தும் ஒழுகும் வண்டிகள் உண்டு. இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு எப்போதும் கீழே, கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்கும். அது வெளியேற டேப்பட் கவரிலிருந்து இன்டேக் பக்கம் ஒரு பிரீதர் ஹோஸ் போகும். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிகிற வண்டிகளில், நீராவியும் ஆயிலும் சேர்ந்து குழம்பாகி அந்தப் பாதையை அடைத்துவிடும். அடைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எங்கே பலவீனமான சீல் இருக்கிறதோ அங்கே ஆயிலைத் தள்ளும். அந்த சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான இடம் ஒழுகும். சில நூறு ரூபாய் ஹோஸைச் சுத்தம் செய்யாமல் ஆயிரக்கணக்கில் சீல் மாற்றிய கதைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே துவாரத்தின் மேல் தலைகீழாகச் சும்மா வைக்க வேண்டும். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளிக் கீழே விழுந்தால் உள்ளே அழுத்தம் அதிகம். பிரீதரைச் சுத்தம் செய்த பிறகும் துள்ளினால், ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் அந்த எஞ்சினில் ஒரு பேக்கிங்கைக்கூட மாற்றக் கூடாது.

மேலிருந்து கீழே

ஆயில் கீழே சொட்டுகிறது. ஆனால், ஒழுக ஆரம்பிப்பது மேலே. எஞ்சினின் நெளிவு சுளிவில் இறங்கி, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் எங்கோ ஒரு போல்ட் முனையில் தொங்கிச் சொட்டும். அந்தப் போல்ட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்கவே கூடாது.

இதற்கு நல்ல உதாரணம் எம்104. இறக்குமதியாகி வந்த இ320, எஸ்320 கார்களில் இருக்கும் 6 சிலிண்டர், 24 வால்வு பெட்ரோல் எஞ்சின். அருமையான எஞ்சின், ஆனால் ஒழுகும் இடங்களுக்குப் பேர்போனது. முன்பக்கம் டைமிங் செயின் மூடியின் மேல்பகுதி தனியாக இருக்கும். அதற்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே ‘ப’ வடிவ ரப்பர் பேக்கிங் ஒன்று உண்டு. அது இறுகினால் ஆயில் முன்பக்கமாக வழிந்து பெல்ட் வரை போகும். பார்ப்பவர் கிராங்க் முன் சீல் போய்விட்டது என்பார். கிராங்க் புல்லியைக் கழற்றுவது பெரிய வேலை. டேப்பட் கவரைத் தூக்கி, மேல் மூடியைக் கழற்றி, அந்த ரப்பரை மாற்றி, இணைப்பு மூலைகளில் மட்டும் துளி சீலன்ட் வைத்துப் பூட்டுவது அதைவிடப் பல மடங்கு சின்ன வேலை.

அதே எஞ்சினில் பின்பக்கக் கதை இன்னும் விலை கூடியது. ஹெட் கேஸ்கெட்டின் வலது பின் மூலை, அதாவது ஆறாவது சிலிண்டர் ஓரம், வயதானால் ஆயிலை வெளியே விடும். அது பிளாக்கின் பின்புறமாக இறங்கி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். அங்கேதான் கிராங்க்கின் பின் சீலும் இருக்கிறது. ‘பின் சீல்தான்’ என்று கியர்பாக்ஸை இறக்கி, சீலை மாற்றி, மறுபடி ஏற்றி, கூலி வாங்கி அனுப்புவார்கள். ஒழுகல் அப்படியே இருக்கும். டார்ச் அடித்து ஹெட்டின் பின் மூலையைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஹெட் கேஸ்கெட் மாற்றுவது என்று முடிவானால் அவசரம் உதவாது. இதன் ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போதே கொஞ்சம் நீள்பவை. முதலில் 55 நியூட்டன் மீட்டர், அதன் பிறகு கோணக் கணக்கில் 90 டிகிரி, மீண்டும் 90 டிகிரி. பழைய போல்ட்டை வெர்னியரில் அளந்து, அளவுக்கு மேல் நீண்டிருந்தால் தூக்கிப்போட வேண்டும். கைப்பழக்கத்தில் ‘டைட்’ வைக்கும் மேஸ்திரிக்கு அம்பாசடர் எஞ்சின் அடங்கிப்போகும், இது அடங்காது.

அப்படியானால் சரியான முறை என்ன? முதலில் குளிப்பாட்டு. ஆல்டர்னேட்டரையும் ஏர் இன்டேக்கையும் பாலித்தீன் கவரால் மூடிவிட்டு, டிகிரீசர் அடித்து, மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைக்க வேண்டும். பிறகு 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவந்து, தூக்கி நிறுத்தி, டார்ச்சோடு பார்க்க வேண்டும். நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில், மிக முன்னால் இருக்கிறதோ அதுதான் முதல் சந்தேகம். கசிவு மெல்லியதாக இருந்தால் முகப்பவுடரைத் தூவிவிட்டு ஓட்டினால் ஈரக்கோடு பளிச்சென்று தெரியும். ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் அதற்கான புற ஊதா விளக்கும் இப்போது ஸ்பேர்ஸ் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஒரு இடத்தை அடைத்த பிறகு மறுபடி கழுவி, மறுபடி ஓட்டிப் பார்த்துத்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். பொறுமை பிடிக்கும் வேலை. ஆனால், இதைவிட மலிவான வழி வேறு இல்லை.

தரை சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. சத்தம் குறைக்க எஞ்சினுக்கு அடியில் மூடித்தட்டு வைத்து வந்த வண்டிகள் இவை, குறிப்பாக டீசல். ஒழுகும் ஆயிலை அந்தத் தட்டே ஏந்திக்கொள்ளும். தட்டைக் கழற்றினால்தான் குட்டு வெளிப்படும்.

டியூனிங் என்ற பெயரில்

அம்பாசடர் காலத்து டியூனிங் நம் மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி. டேப்பட் கேப் வைப்பது, பாயின்ட் தேய்ப்பது, கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுவது. டபிள்யூ124-ன் எஞ்சின்களில் டேப்பட் ஹைட்ராலிக். ஆயில் அழுத்தத்திலேயே தானாகச் சரிசெய்துகொள்ளும். இ220-ல் பாயின்ட்டும் இல்லை, கார்பரேட்டரும் இல்லை. திருகுவதற்கு எதுவும் இல்லாத எஞ்சினில் டியூனிங் என்றால், ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது பிளக் குழிகள். எம்104-லும் இ220-ன் எம்111-லும் இரட்டை கேம் ஷாஃப்ட். இரண்டுக்கும் நடுவே ஆழமான குழிகளுக்குள் ஸ்பார்க் பிளக்குகள் உட்கார்ந்திருக்கும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, பிளக் தொப்பியைப் பிடித்து நிதானமாக இழுத்தால் நிலவரம் தெரிந்துவிடும். நல்ல எஞ்சினில் தொப்பி காய்ந்து வரும். டேப்பட் கவருக்குள் குழியைச் சுற்றியிருக்கும் சீல் இறுகிப்போன எஞ்சினில், ‘பொளக்’ என்ற சத்தத்தோடு ஆயில் சொட்டச் சொட்ட வரும். தொப்பியின் ரப்பர் ஊறிப் பெருத்து, தொட்டால் கொழகொழவென்று இருக்கும். குழிக்குள் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பாதிவரை கருப்பு ஆயிலில் மூழ்கியிருக்கும். பொறி பாய வேண்டிய இடத்தில் பாயாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். வண்டி மிஸ் அடிக்கும். மேம்பாலம் ஏறும்போது திணறும்.

இப்படிப்பட்ட வண்டியில் பிளக்கை மட்டும் மாற்றினால் ஒரு வாரம் நன்றாக ஓடும். அதற்குள் குழி மறுபடி நிரம்பிவிடும். டியூனிங்கையும் ஆயில் லீக்கையும் தனித்தனி வேலையாகப் பார்க்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். முதலில் டேப்பட் கவர் பேக்கிங், கூடவே குழி சீல்கள், அதற்குப் பிறகுதான் புது பிளக். கவர் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் முறுக்கினால் புது பேக்கிங்கே நசுங்கி, அங்கிருந்தே ஒழுகும். பேக்கிங்கைச் சுற்றி அனபாண்ட் சீலன்ட்டை அப்பிவிடும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். உள்பக்கம் பிதுங்கும் சிலிக்கான் துண்டு துண்டாக உதிர்ந்து, சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடையும்.

பிளக் வாங்குவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எம்104 போன்ற எஞ்சின்களில் ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் ரெசிஸ்டர் பிளக் தொப்பிக்குள்ளேயே இருக்கிறது. அதனால், ரெசிஸ்டர் இல்லாத சாதாரண செம்பு பிளக்தான் கம்பெனி சொன்னது. விலை கூடிய இரிடியம் பிளக்கை மாட்டினால் பிக்கப் கூடும் என்று நம்பிக் காசை விட வேண்டாம்.

உதறலுக்கு இன்னொரு காரணம், எஞ்சின் மவுன்ட். உள்ளே திரவம் நிரப்பிய ரப்பர் அது. மேலிருந்து ஒழுகும் ஆயில் அதன்மேல் வருடக்கணக்கில் விழுந்தால் ரப்பர் ஊறிக் கிழிந்துவிடும். எஞ்சின் சீராகத்தான் ஓடும்; ஆனால் உதறல் ஸ்டியரிங்கில் தெரியும். இதற்கு எத்தனை முறை டியூனிங் பண்ணினாலும் தீராது. ஆர்.பி.எம் தள்ளாடினால் இன்டேக் பக்கத்து ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகை செலுத்திப் பார்க்கும் கருவி இருந்தால் அரை மணி நேர வேலை.

வயரிங்கையும் சொல்லியாக வேண்டும். 1990-களின் முதல் பாதியில் வந்த பென்ஸ் எஞ்சின் வயர்களின் மேலுறை, எஞ்சின் சூட்டில் காலப்போக்கில் நொறுங்கிவிடும் ரகம். விரலால் நிமிண்டினாலே பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே செம்பு தெரிந்தால், அந்தச் சரத்தையே மாற்ற வேண்டும். டேப் சுற்றி ஓட்டுவது விலை உயர்ந்த எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஆபத்து. எம்111-ல் கேம் ஷாஃப்ட்டின் முன் முனையில் ஒரு மின்காந்தம் இருக்கிறது. அது கசிந்தால் ஆயில் வயருக்குள்ளேயே ஊறி, மெல்ல மெல்லக் கம்ப்யூட்டர் வரை போய்விடும். கனெக்டரைக் கழற்றி உள்ளே ஆயில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் காணாமல் போகும் ஆயிலும் உண்டு. பழைய 4 கியர் ஆட்டோமேட்டிக்கில் வேக்குவம் மாடுலேட்டர் என்று ஒரு சின்னப் பாகம். அதன் உள்சவ்வு கிழிந்தால், கியர்பாக்ஸின் சிவப்பு ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரித்துவிடும். பின்னால் புகை வரும். ‘ரிங் போச்சு, எஞ்சின் இறக்கணும்’ என்ற தீர்ப்பும் வரும். அந்த வேக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக ஈரம் இருந்தால், எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

டீசல் இ250டி-யில் நிலைமை எளிது. இன்ஜெக்டர்களுக்கு இடையே போகும் துணிசுற்றிய ரிட்டர்ன் ஹோஸ்களும், பம்ப்பின் மேல் இருக்கும் டெலிவரி வால்வு ஓ-ரிங்குகளும்தான் முதலில் கசியும். சல்லிசான பாகங்கள்.

ஆயில் பிரஷர் மீட்டரைப் பார்த்துப் பதறுபவர்களும் நிறைய. டபிள்யூ124-ன் டேஷ்போர்டில் அந்த முள் 3 வரை போகும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் 0.3 பார் இருந்தாலே கம்பெனி கணக்கில் சரி. 3,000 சுற்றில் 3-ஐத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஐடிலில் முள் இறங்குகிறதே என்று கெட்டி ஆயிலை ஊற்றுவதும், லீக்கை நிறுத்த ரப்பரை ஊதவைக்கும் ரசாயனத்தைக் கலப்பதும் விற்பவர்கள் செய்யும் வேலை; வைத்திருப்பவர்கள் செய்யக் கூடாதது.

விற்பவர்கள் என்றதும் இன்னொன்று. டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, அங்கிருந்து பழைய சொகுசு கார்கள் பல மற்ற மாநிலங்களுக்குக் கைமாறின. அப்படி ஒன்றைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் பளபளவென்று கழுவித் துடைத்திருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, மறுபடி பானெட்டைத் திறந்து பாருங்கள்.

பாகங்களுக்குக் கவலை இல்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். எல்ரிங், விக்டர் ரைன்ஸ் போன்ற ஜெர்மன் பெயர்களில் பேக்கிங் வாங்கினால் நீண்ட நாள் வரும். டப்பாவை மட்டும் பார்க்காமல் பொருளையும் வளைத்துப் பார்த்து வாங்க வேண்டும், போலிகள் அதிகம். கிடைக்காத பாகங்களுக்காக ஜெர்மனியின் ஃபெல்பாக்கில் 1993 முதல் கம்பெனியே கிளாசிக் சென்டர் நடத்துகிறது.

இப்போது இந்தப் பெட்ரோல் கார்கள் அத்தனைக்கும் புதிதாக ஒரு சவால் வந்திருக்கிறது. 2025 முதல் நம் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. 1995-ல் பூட்டிய ஹோஸ் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்ததல்ல. ஆயில் சொட்டினால் தரை கறையாகும். சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரியும். எனவே பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள் ஆயில் லீக் வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளினாலும், டேங்கிலிருந்து எஞ்சின் வரை உள்ள பெட்ரோல் ஹோஸ்களையும் கிளிப்புகளையும் இந்த வாரமே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். மாற்றும்போது எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வந்தால், சாவியைத் திருப்பாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள்.